கட்டிலுக்குப் போகிற காபி

அத்தியாயம் 9

"அவர் படுத்திருக்கிறப்போ வீட்ல என்னெல்லாம் நடக்கும்? ஒண்ணு விடாம சொல்லுங்க."

போன வாரம் நாம் லிசியை விட்டுவந்தது இந்தக் கேள்வியோடுதான். கேட்டவர் ஆனந்தவள்ளி. ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டில், ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் உட்கார்ந்து மனநல ஆலோசனை சொல்கிறவர். லிசிக்கு அந்த இடம் பிடித்துப்போனதற்குக் காரணமே அது ஸ்ரீரங்கம் என்பதுதான். காவிரியைத் தாண்டி வந்துவிட்டால் தன் ஊர் மன்னார்புரத்துக் கோயில் பங்குக்காரர்கள் யார் கண்ணிலும் படவேண்டியதில்லை அல்லவா?

கேள்வியைக் கேட்டதும் லிசிக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இதற்காவது தனக்குப் பதில் தெரியும்.

அவள் கணவர் டோமினிக், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பங்குக் கோயிலில் இருபது வருஷத்துக்கும் மேலாகப் பாடகர் குழுவை நடத்தியவர். புதிதாக வந்த பங்குச் சாமியார் பாட்டை இளைஞர்களிடம் ஒப்படைத்துவிட்டு, இவருக்கு ஒரு பொன்னாடை போர்த்தி, "இனிமே நீங்க ஓய்வெடுங்க சார்" என்றார். சாரும் சாமியார் சொல்லைத் தட்டாமல் ஓய்வெடுக்க ஆரம்பித்தார். முதலில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும். அப்புறம் சனிக்கிழமையும். அப்புறம் பள்ளிக்கூடத்துக்கு மெடிக்கல் லீவு. இப்போது உள்ளறைக் கட்டில்தான் அவருக்கு உலகம். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, "மாத்திரை அது பாட்டுக்குப் போகட்டும், இவங்களையும் பாருங்க" என்று லிசியை இங்கே அனுப்பியிருந்தார்.

"நாங்க ஒரு குறையும் வைக்கலைங்க மேடம்," என்று ஆரம்பித்தாள் லிசி. "காபி கட்டிலுக்கே போயிடும். பக்கத்துல உட்கார்ந்து பேசிட்டிருப்பேன். அத்தை ஆரஞ்சு உரிச்சு, நாரெல்லாம் எடுத்து, சுளை சுளையா வாயில குடுப்பாங்க. நாத்தனார் பெலிண்டா சென்னையிலேர்ந்து தினம் போன். புதன்கிழமையானா எங்க அன்பியத்துக்காரங்க வருவாங்க. எங்க தெருக் குடும்பமெல்லாம் சேர்ந்து ஜெபம் பண்ற கூட்டம்ங்க அது. கட்டிலைச் சுத்தி நின்னு ஜெபமாலை சொல்லுவாங்க. ஞாயித்துக்கிழமை பூசை மன்றாட்டுல, நோயாளிங்க பேரோட இவர் பேரையும் சேர்த்து வேண்டுவாங்க. கோயில் மைக் எங்க வீட்டுக்குக் கேக்கும். அப்ப மட்டும் தலையணையைத் தூக்கி வச்சுச் சாஞ்சுக்கிட்டுக் கேப்பாரு."

"நல்லது. எந்திரிச்சு நடமாடினா என்ன நடக்கும்?"

லிசி மடியிலிருந்த பையின் வாரை முறுக்கினாள்.

"எந்திரிக்கவே இல்லையா?"

"ஒரு நாள் எந்திரிச்சாருங்க. தொட்டிச் செடிக்குத் தண்ணி ஊத்தினாரு."

"அப்ப நீங்க?"

"அப்பாடான்னு ரேஷன் கடைக்குப் போயிட்டேன்."

"அத்தை?"

"அவங்களுக்கு முதுகுவலி. இவரு எந்திரிச்சிட்டாருன்னு அவங்க போய்ப் படுத்துட்டாங்க."

"பெலிண்டா?"

"அண்ணன் தேவலாம்னு மெசேஜ் அனுப்பினேன். அதனால அன்னைக்குப் போன் பண்ணலை."

சொல்லி முடிக்கும்போதே லிசிக்குச் சுருக்கென்றது. கூடவே கோபமும் வந்தது. "அப்ப அவரு நடிக்கிறாருங்கறீங்களா?"

"சேச்சே!" ஆனந்தவள்ளி கையை உதறினார். மருங்காபுரிப் பக்கத்துக்காரர், பேச்சில் பூச்சு கிடையாது. "இது நடிப்பு இல்லம்மா, நோவுதான். அவர் வேணும்னு படுக்கலை. நீங்களும் வேணும்னு படுக்க வைக்கலை. ஒரு மனுஷன் ஒரு காரியம் செஞ்சா ஏதாச்சும் திரும்பி வரணும். இவர் பாடினாரு, நாலு பேரு நல்லாருக்குன்னாங்க, பசங்க சுத்தி நின்னாங்க. அது ஒரு நாள்ல நின்னு போச்சு. வர்றது நின்னா செய்யறதும் நிக்கும். செய்யறது நின்னா வர்றது இன்னும் குறையும். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டா அன்னைக்கு ஒரு நாளைக்கு நெஞ்சு லேசா இருக்கும். அந்த லேசுக்காகவே மறுநாளும் படுக்கத் தோணும். இதுக்கு மேல, படுத்த இடத்துக்குத்தான் காபி, ஆரஞ்சு, பேச்சு, ஜெபம் எல்லாம் வருது. எந்திரிச்சு நின்னா ஈ காக்கா இல்லை."

"அதுக்காகப் பட்டினி போடச் சொல்றீங்களா?"

"யாரு சொன்னா? காபியை ரெண்டு தம்ளரா குடுங்க. ஆனா ஹால்ல வச்சுக் குடுங்க. நீங்களும் அங்கேயே உட்காருங்க. மூஞ்சியத் தூக்கி வச்சுக்காதீங்க, பேச்சை நிறுத்தாதீங்க. அது தண்டனை. தண்டிச்சா மனுஷன் இன்னும் சுருண்டுக்குவாரு. அன்பைக் குறைக்காதீங்க, அதைக் கொண்டுபோய் வைக்கிற இடத்தை மட்டும் மாத்துங்க. மனசு தெளியட்டும், அப்புறம் எந்திரிக்கலாம்னு அவர் காத்துக்கிட்டிருக்காரு. முதல்ல எந்திரிக்கணும், மனசு மெதுவா பின்னாலே வரும். சாகறதைப் பத்தி ஏதாவது பேசறாரா?"

"இல்லைங்க. டாக்டரும் அவர்கிட்டயே நேராக் கேட்டாரு."

"பேசினா ஒரு நிமிஷம் காத்திருக்காதீங்க, டாக்டரைக் கூப்பிடுங்க. மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க."

எழுந்து செருப்பை மாட்டும்போதுதான் லிசி கேட்டாள். "அந்த மன்றாட்டுங்க?"

"அது உங்க கோயில் விஷயம். நான் சொல்ல முடியாது. ஆனா ஒண்ணு, நோயாளின்னு மைக்ல பேர் வாங்கிட்டா, அந்தப் பேரை விடறதுக்கு யாருக்கும் மனசு வராது. யோசிச்சுக்குங்க."

ஒன்றாம் நம்பர் பஸ் திருவானைக்காவலைத் தாண்டுவதற்குள் போன் அடித்தது. பெலிண்டா.

"அண்ணி, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்காதீங்க. நீங்க ஆபீஸ் போறவங்க. அம்மாவுக்கு வயசாச்சு. எத்தனை நாள் இப்படிப் பாப்பீங்க? நான் அண்ணனை இங்க கூட்டிட்டு வந்துடறேன். ஏசி ரூம் இருக்கு, பாத்துக்க ஆள் போட்டுடறேன். அவரு கட்டிலை விட்டு இறங்கவே வேண்டாம்."

கட்டிலை விட்டு இறங்கவே வேண்டாமாம்! நேற்றுவரை இதைக் கேட்டிருந்தால் லிசி நாத்தனாரைத் தெய்வம் என்று கும்பிட்டிருப்பாள்.

"எப்ப வரே?"

"நைட் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ்ல ஏறினா காலைல அங்க இருப்பேன். சாயங்காலம் போன் பண்றேன். அதுக்குள்ள அண்ணன் எந்திரிச்சு வந்து ஹால்ல உட்கார்ந்துட்டாருன்னா நான் ஏன் வரப்போறேன்? ஆனா அவரு வரமாட்டாரு அண்ணி. உங்களுக்கே தெரியும்."

பெலிண்டா கெட்டவள் இல்லை. அண்ணன்மேல் உயிர். அதுதான் சங்கடம். கெட்டவர்களிடமாவது சண்டை போடலாம்.

லிசி அடுத்து அன்பியத் தலைவர் ஜேக்கப்பைக் கூப்பிட்டாள். ரயில்வேயில் இருந்து ரிட்டயரானவர். தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் தைலத்தோடு முதலில் போய் நிற்கிற மனுஷன்.

"ஜேக்கப் அண்ணே, இன்னைக்கு ஜெபமாலையை ஹால்ல வச்சுக்குவோம். கட்டில்கிட்ட வேண்டாம். அப்புறம் ஞாயித்துக்கிழமை மன்றாட்டுல அவரு பேரு வேண்டாம்."

"ஏம்மா, சுகமாயிடுச்சா?"

"ஆகணும்னுதான்ணே."

"ஆகாம எப்படி எடுக்கறது? பேரைச் சொல்லி வேண்டலைன்னா ஆண்டவருக்கு எந்த டோமினிக்குன்னு எப்படித் தெரியும்?"

"ஆண்டவருக்கு நம்ம அட்ரஸ் தெரியும்ணே."

ஜேக்கப் சிரிக்கவில்லை. "உன் இஷ்டம்மா" என்று போனை வைத்துவிட்டார். அவர் மனசு புண்பட்டது லிசிக்குத் தெரிந்தது.

வீட்டில் இன்னும் மோசம். மாலைக் காபியைக் கலந்து ஹால் மேஜையில் வைத்துவிட்டு, உள்ளறை வாசலில் நின்று லிசி சொன்னாள்: "என்னங்க, காபி ஹால்ல இருக்கு. எனக்கும் கலந்திருக்கேன். வாங்க, சேர்ந்து குடிப்போம்."

டோமினிக் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார். "அப்புறம்," என்றார்.

லிசி போய் உட்கார்ந்தாள். தன் காபியைக் குடித்தாள். அவர் காபியில் ஆடை படிந்தது. மாமியார் அற்புதம்மாள் எதிரில் உட்கார்ந்து, கையில் உரித்த ஆரஞ்சோடு இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துப் பார்த்துப் பொறுக்க முடியாமல் தம்ளரைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"வேண்டாம் அத்தை."

"என்னடி வேண்டாம்? நான் பெத்த பிள்ளைக்கு ஒரு வாய் காபி குடுக்க உன்கிட்ட பர்மிஷன் வாங்கணுமா?"

"குடுங்க அத்தை. வேண்டாம்னு சொல்லலை. இங்க வரட்டும், இங்க வச்சுக் குடுங்க. அவரு எந்திரிச்சு வந்தா நாம எல்லாரும் இங்க இருப்போம்."

"ஸ்ரீரங்கத்துக்குப் போய் இதைத்தான் கத்துக்கிட்டு வந்தியா? நாய்க்குட்டியைப் பழக்கற மாதிரி! உனக்கு நெஞ்சில ஈரமே இல்லையாடி?"

அந்த வார்த்தை லிசியைச் சுட்டது. ஏனென்றால் பஸ்ஸில் வரும்போது அவளுக்கும் அப்படித்தான் தோன்றியிருந்தது. அவள் கொல்லைப்பக்கம் போய், துணிக்கொடிக்குக் கீழே நின்று அழுதாள். அழுது முடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, ஹாலில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டாள். ஒரு நாற்காலியை மட்டும் உள்ளறைக் கதவுக்குப் பக்கத்தில் போட்டு வைத்தாள்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு அன்பியத்துக்காரர்கள் வந்தார்கள். ஜேக்கப் முகம் கொடுக்காமல் வந்து மாதா படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றினார். வந்தவர்கள் பழக்கத்தில் நேரே உள்ளறைக்குள் நுழையப் போக, லிசி வழிமறித்து ஒவ்வொருவரையாக உட்காரவைக்க வேண்டியிருந்தது. கதவை மட்டும் நன்றாகத் திறந்து வைத்தாள். உள்ளே டோமினிக் அசையவில்லை.

ஜெபமாலை முடிந்தது. பாட்டுக்கு வந்தார்கள். ஆளுக்கொரு பக்கம் பார்த்து, கடைசியில் ஒரு அம்மாள் துணிந்து மாதா பாட்டை எடுத்தார். எடுத்ததோ உச்சாணிக் கொம்பில். பல்லவியை எப்படியோ தாண்டினார்கள். சரணத்துக்குப் போனபோது பாதிப் பேருக்குத் தொண்டை அடைத்தது. மீதிப் பேருக்கு இருமல்.

"சுருதி ஏறிப் போச்சு. இறக்கி எடுங்க."

உள்ளறை வாசலில் டோமினிக் நின்றுகொண்டிருந்தார். கைலி, பனியன். ஒரு கை நிலையைப் பிடித்திருந்தது. தாடி நரைத்து வளர்ந்திருந்தது.

வீடே எழுந்தது. "ஐயோ சார், எதுக்கு சார் எந்திரிச்சீங்க?" என்று ஜேக்கப் ஓடிவந்து ஒரு கையைப் பிடித்தார். இன்னொருவர் மறு கையை. "தம்பி, தலை சுத்தும்யா, போய்ப் படு," என்று அற்புதம்மாள் அழுதார். "நீங்க ரெஸ்ட் எடுங்க சார், நாங்க பாடிக்கறோம்," என்று எல்லாருமாகச் சேர்ந்து அவரைப் பாசத்தோடு கட்டில் பக்கம் திருப்பினார்கள். அவரும் திரும்பினார்.

"யாரும் பிடிக்காதீங்க!"

லிசி கத்திய கத்தலில் ஜேக்கப் கையை எடுத்துவிட்டார். அவள் குரலைச் சாதாரணமாக்கிக்கொண்டு கேட்டாள்: "என்னங்க, எதுல எடுக்கணும்? நீங்க சொல்லுங்க, நாங்க எடுக்கறோம்."

டோமினிக் யோசித்தார். தொண்டையைக் கனைத்தார். துருப்பிடித்த குரலில் ஒரு சின்ன முனகல் வந்தது. "இதுல."

எல்லாரும் அதிலேயே எடுத்தார்கள். பாட்டு சரணத்தைத் தாண்டிச் சுகமாகப் போனது. டோமினிக் கதவருகே இருந்த நாற்காலியில் எப்போது உட்கார்ந்தார் என்று லிசி கவனிக்கவில்லை. திடீரென்று அவர் தொடையில் தட்டி நிறுத்தினார்.

"இழுக்காதீங்க, இழுக்காதீங்க! மாதா பாட்டா, அடக்கப் பூசையா?"

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் இப்படிச் சிடுசிடுப்பதைக் கேட்டு லிசி எரிச்சல்பட்டிருக்கிறாள். இன்றைக்கு அது காதில் தேனாகப் பாய்ந்தது. ஓடிப்போய்ப் புதிதாகக் காபி கலந்து கொண்டுவந்து கையில் கொடுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் இரண்டு மடக்கு குடித்தார்.

இத்தோடு விட்டிருக்கலாம். ஜேக்கப்புக்குச் சந்தோஷம் தலைக்கேறிவிட்டது.

"ஆண்டவர் கேட்டுட்டாரு! சார், உண்மையைச் சொல்லிடறேன். மன்றாட்டுல உங்க பேரை எடுத்துடுங்கன்னு லிசிம்மா போன்ல சொன்னப்போ எனக்கு மனசே ஆறலை. இப்ப சரிதான்னு படுது. எடுத்துடறேன் சார்!"

டோமினிக் தம்ளரைத் தரையில் வைத்தார்.

"நீ சொன்னியா?"

லிசி ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அவர் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். ஜேக்கப் வாசலில் நின்று, "நான் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்மா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

"வந்தவனையும் விரட்டிட்டே," என்றார் அற்புதம்மாள்.

லிசி கதவைத் தள்ளினாள். தாழ்ப்பாள் போட்டிருக்கவில்லை. அவர் பழையபடி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"கோவமாங்க?"

"கோவமெல்லாம் இல்லை லிசி." போர்வை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே மேலே சொன்னார். "பள்ளிக்கூடத்துல நான் சார். கோயில்ல சார். அம்மாவுக்குத் தம்பி. பெலிண்டாவுக்கு அண்ணன். உனக்கு 'என்னங்க'. அப்பா இருந்தவரைக்கும் தெருமுனையிலேர்ந்தே பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டு வருவாரு. அவர் போனப்புறம் என் பேரை வாய்விட்டுச் சொல்றது அந்த மைக் ஒண்ணுதான். நோயாளியாவாச்சும் டோமினிக்னு ஒருத்தன் இருக்கான்னு ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை தெரிஞ்சுது. அதையும் எடுத்துட்டியே."

லிசி ஒப்பித்த கணக்கில் காபியும் ஆரஞ்சும் வந்தன, இது வரவில்லை. ஸ்ரீரங்கத்து மேடத்துக்கும் தெரியாது, இத்தனை வருஷம் கூட வாழ்ந்த தனக்கும் தெரியாது. கணவன் பேரை அவள் சொன்னது வாழ்க்கையில் ஒரே ஒரு முறை, கல்யாணத்தன்று பீடத்துக்கு முன்னால், சாமியார் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னபோது. அதற்கப்புறம் ஆஸ்பத்திரியில் கேட்டாலும், பேங்கில் கேட்டாலும் ஆதார் கார்டைத்தான் நீட்டுவாள். புருஷன் பேரைச் சொன்னால் அவனுக்கு ஆயுசு குறையும் என்று அவளுடைய அம்மா சொல்லி வளர்த்திருந்தார்.

கட்டிலில் உட்கார்ந்து அவர் முதுகைக் கட்டிக்கொண்டு அழவேண்டும்போல இருந்தது. முழங்கால் கட்டில் விளிம்பில் இடித்தது. இதைக் கட்டிலில் வைத்துக் கொடுக்கக் கூடாது என்று லிசி பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி ஹாலுக்கு வந்தாள்.

அற்புதம்மாள் கையில் போன் அடித்துக்கொண்டிருந்தது. எடுத்துக் காதில் வைத்துவிட்டு, போனின் வாயைப் பொத்தியபடி கேட்டார்: "பெலிண்டா. ரயில் ஏறவான்னு கேக்கறா. என்ன சொல்ல?"

லிசி கதவருகே கிடந்த நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். வாயைத் திறந்தாள். முதலில் காற்றுதான் வந்தது.

"டோமினிக்."

"அடிப் பாவி!" அற்புதம்மாள் போனை நழுவவிடப் பார்த்தார். "புருஷன் பேரையா சொல்றே?"

"ஆமா அத்தை." லிசிக்கு அழுகையும் வெட்கமும் சேர்ந்து வந்தன. ஆனாலும் இந்தத் தடவை பக்கத்து வீட்டுக்கே கேட்கிற மாதிரி கூப்பிட்டாள். "டோமினிக்!"

போனுக்குள்ளிருந்து பெலிண்டா, "அம்மா, என்ன சத்தம்? யாரு அது?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. காலடி கேட்டது. பாதி திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு டோமினிக் நின்றார். கண் கலங்கியிருந்தது.

"இன்னொரு தடவை கூப்பிடு."

லிசி பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினாள்.

"வந்து உட்காருங்க," என்றாள். "கூப்பிடறேன்."